விலை குறைப்பவன்

பாங்காக் விமான நிலையத்தில்
உன் வேலை என்னவென்று சுங்க அதிகாரி கேட்டார்.
விலை குறைப்பது என்றேன்.
மொழிபெயர்ப்பவள் இரண்டாம் முறை கேட்டாள்.
அதேதான் என்றேன்.

பாலி விரிகுடாவின் மூங்கில் புதர்களில்
எஞ்சியிருக்கும் கலப்பை ஆமைகளை
ஒவ்வொன்றாய் மடியில் இருத்தி
பல் வைத்தியர் கையில் இருப்பது போன்ற துளைகருவியால்
பொன் ஓட்டின்மேல் எழுதுவேன்.
நாட்டின் பெயருக்கு இரண்டெழுத்து, கீழே ஓர் எண்.
ரத்தம் வராது.
பொடி பறக்கும், நகம் தீய்கிற வாசனை.
தலையை உள்ளிழுத்து உஸ்ஸென்று மூச்சு விடும்.
வலியா வெறும் காற்றா,
பதினொரு வருடமாய்த் தெரியவில்லை.

மகாஜங்காவில் துணிக்கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர் சொன்னார்:
எங்களில் பிள்ளைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைப்போம்,
கண் பட்டுவிடக் கூடாதென்று.
நான் வைப்பதும் அதுதான்.
மை அழியும். இது அழியாது என்று நினைத்திருந்தேன்.

முன்பெல்லாம் எங்கள் வீடுகளில்
கோழிகளோடு ஓர் ஆமையும் திரியும்.
இருந்தால் கோழிக்கு நோய் அண்டாது என்பார்கள்.
அதற்கு விலை உண்டென்று யாருக்கும் தெரியாது,
விலை கேட்டு ஒருவன் படகில் வந்து இறங்கும்வரை.

தொம்புசுவா என் மனைவியின் தம்பி.
அவன் கட்டிலுக்கடியில் நான்கு குட்டிகள்,
ஆளுக்கொரு காலுறைக்குள்,
கால்களைச் சேர்த்துச் சுற்றிய பழுப்பு நாடா.
எண் போட முடியாத வயது, ஓடு இன்னும் தடிக்கவில்லை.
ஆமை புகுந்த வீட்டுக்குள்
அன்றிரவே அமீனாவும் புகுந்தார்.
கோழிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.
ஒரு குட்டிக்கு அவனுக்குக் கிடைக்கவிருந்தது
இரண்டு மூட்டை அரிசி.
காட்டிக்கொடுத்தது நான்தானா என்று
என் மனைவி இன்றுவரை கேட்கவில்லை.
சோறு போடும்போது முகம் பார்ப்பதில்லை.

மேசைமேல் பெட்டியைத் திறந்தார்கள்.
குளியல் துண்டுக்குள் வளர்ந்த ஆண் ஒன்று.
ஓடு கண்ணாடி மாதிரி மின்னியது.
என் பள்ளங்களைப் பிசின் ஊற்றி நிரப்பி
நிறம் சேர்த்து, தேய்த்து, மெருகிட்டிருந்தார்கள்.
நல்ல வேலை. என்னைவிட நிதானமான கை.
விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன்.
ஆறிய தழும்பில் புதுத்தோல் போல்
ஏழு. பக்கத்தில் ஒன்று.

எழுபத்தொன்றா!
முதல் மழைக்கு மற்ற ஆண்களை
கழுத்தடிக் கொழுவால் நெம்பிக் கவிழ்ப்பவன்.
ஒருமுறை என் காலணியை எதிரி என்றெண்ணி
அரைமணி நேரம் போராடினான்.
நான் விட்டுக்கொடுத்தேன்.

இது உங்களுடையதா என்றார் அதிகாரி.
கையெழுத்து மட்டும் என்றேன்.
அதை எழுதிக்கொள்ள அவரிடம் கட்டம் இல்லை.

நாடாவை அறுத்தார்கள்.
கொஞ்ச நேரம் கல்.
பிறகு ஒரு கால், இன்னொரு கால்,
முத்திரைத் தாள்களை மிதித்துக்கொண்டு
மேசை விளிம்பை நோக்கி நடந்தது.

பிடிக்க,
நான்கு பேரும் ஒரே நேரத்தில்
கை நீட்டினோம்.