ஐந்தாம் மாடி ஜன்னல்

இரவெல்லாம் கிளறாமல் ஊறவைத்தாள் ஹலீனா.
அவசரப்பட்டால் பொடி
மீன்கண்ணாய்க் கட்டி கட்டி முழிக்கும்.
காலையில் கரண்டியைத் தூக்கினால்
விடமாட்டேன் என்று கூடவே எழுந்தது நூல்.

கத்தோவித்சே, தீயணைப்பு நிலைய முற்றம்.
மார்ச் மாதம். குழாய்முனையில் இன்னும் பனித்துகள்.
முதலில் வெறும் தண்ணீர்:
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கிற்று.
பிறகு அதில் லட்சத்துக்கு மூன்று பங்கு பொடி.
அதே பம்பு. அதே விசை.
ஐந்தாம் மாடி ஜன்னலில் யாரோ உலர்த்திய
காலுறை நனைந்தது.

ஸெனோன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.
"என்ன போட்டாய்?"
"இழை. கண்ணுக்குத் தெரியாத நீளம்.
சுவரோரம் சுழித்துச் சுழித்துத்
தன்னோடு தானே மல்லுக்கட்டும் தண்ணீருக்குள்
சுருள் பிரிந்து நீள்கிறது.
சுழி அடங்குகிறது."

(சிந்தியதில் வழுக்கி
முழங்கை பெயர்ந்தவன்
அவள் அட்டவணையில் இல்லை.)

மதியம், தொட்டியில் சேர்ந்த அதே நீரை
மறுபடி பம்புக்குள் விட்டார்கள்.
நான்காம் மாடி.
இன்னொரு முறை. மூன்று.
பம்பின் தகடுகள் அறுத்துவிட்டிருந்தன.
எடை குறையவில்லை,
நீளம் போய்விட்டது.

'ஒருமுறைக்கு மட்டும்' என்று எழுதி
அடிக்கோடிட்டாள், கொஞ்சம் கோபமாகவே.
"போதுமே," என்றான் ஸெனோன்,
"குழாய் மெலிந்தால்
படியேறுகையில் தோளுக்குத் தெரியும்."

மேலே ஜன்னல் திறந்தது.
யாரோ திட்டிக்கொண்டே காலுறையைப் பிழிய,
துளி உடனே விழவில்லை.
மெல்லிய இழையில் தொங்கி
இறங்கிக்கொண்டிருந்தது
நான்காம் மாடி நோக்கி.