இதர

மூன்று நாள் வேலை. நாளுக்கு அறுநூறு.
ஏழுரோட்டு முக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அட்டையில் செருகிய படிவம்,
கயிற்றில் கட்டிய பேனா.
கார், வேன், பஸ், லாரி,
இருசக்கரம், சைக்கிள், இதர.
போகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு,
ஐந்தாவதைக் குறுக்கே இழுங்கள் என்றான்
மதுரையிலிருந்து வந்த கோகுலகண்ணன்.
கொடைக்கானலுக்குப் புதுத் திட்டம் வருகிறதாம்.
எண்ணினால்தான் வரைய முடியுமாம்.

வண்டி எண்ண எனக்குத் தெரியும்.
பதினொரு வருஷமாக ஏரிக்கரையில்
சேவியர் ரத்தினத்தின் வாடகை சைக்கிள்களை
காலையில் எண்ணி வெளியே விட்டு
இருட்டுமுன் எண்ணி உள்ளே பூட்டுகிறேன்.
நாற்பத்திரண்டு.
கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர
மணிக்கு எழுபது ரூபாய்.
ஏரியைச் சுற்றலாம், தாண்டக் கூடாது.
இந்த ஊரில் சைக்கிள்
எங்காவது போவதற்கான வண்டி இல்லை.

முதல் நாள் பத்து மணிக்கெல்லாம்
கார் கட்டம் நிரம்பி
கோடுகள் வேன் கட்டத்துக்குள்
மூக்கை நுழைத்து நின்றன,
எதிரே ரோட்டில் நடந்தது போலவே.

"நடக்கிறவங்கள எதுல போட?"
முட்டைக்கோஸ் மூட்டைக்கு அடியில் ஒருவர்,
மழைக்கோட்டுக்குள் ஒன்பது பள்ளிப் பிள்ளைகள்,
லாட்ஜ் படுக்கை விரிப்புகளைத் துவைக்கச் சுமந்துபோகும்
ஆரோக்கியமும் அவள் நாத்தனாரும்.
அவன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
"இதரன்னு போடுங்கக்கா.
குதிரை வந்தாலும் அதுலதான்."

டீ நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து காட்டினான்.
மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு வியாபாரம்,
பச்சை விவசாயம்.
எங்கள் சரிவு முழுக்கப் பச்சை.
என் வீட்டைத் தேடினேன். அதுவும் பச்சை.
கேரட்டைப் போல
மண்ணுக்குள்தான் இருக்கிறோம் போலிருக்கிறது.
பக்கத்துப் பூண்டுக்காடும் பச்சை,
அங்கே இப்போது இருபத்தாறு அறை,
கண்ணாடி பால்கனி,
கார்கள் உறங்கத் தனி மாடி.

அந்தப் பூண்டுக்காட்டு வரப்புதான் எங்கள் வழி.
முதல் மணிக்கு வீட்டில் செருப்பு மாட்டினால்
இரண்டாம் மணிக்கு வகுப்பில் இருப்பாள் ஜெசிந்தா.
சுவர் எழும்பியது.
வழி இரண்டரை கிலோமீட்டர் ஆனது.
இப்போது பங்கு ஜீப்,
போக இருபது, வர இருபது.
மறுநாள் அந்த ஜீப் என்னைத் தாண்டிப் போனது.
உள்ளிருந்து கையசைத்தாள்.
கார் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
சுவருக்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மே மாதம்.
நாலரைக்கு அவன் போன்:
"அக்கா, மூஞ்சிக்கல்ல மாட்டிக்கிட்டேன்.
ஒன்றரை மணி நேரமா அதே டயர் கடையப்
பாத்துட்டிருக்கேன்.
உங்க படிவம் ஆறு மணிக்குள்ள எனக்கு வேணும்."

ஏரிக்கு இறங்கினேன்.
பதினேழாம் நம்பரின் பூட்டைத் திறந்தேன்.
சேவியர் சாப்பிடப் போயிருந்தார்.
பழக்கத்தில் அது இடப்பக்கம்,
ஏரியை நோக்கியே திரும்பியது.
ஹேண்டிலைப் பிடித்து வலப்பக்கம் ஒடித்தேன்.

ஏற்றத்தில் தள்ளினேன்,
இறக்கத்தில் பிரேக் கட்டை கருகி நாறியது.
இரண்டு பக்கமும் கார்கள்,
எஞ்சின் அணைத்து, கண்ணாடி இறக்கி,
வேகவைத்த சோளம் கொறித்துக்கொண்டு.
ஒரு குழந்தை என்னைப் பார்த்து
"அம்மா, அந்த ஆன்ட்டி போறாங்க" என்றது,
போவது ஒரு வித்தை என்பது போல.

ஜன்னல் வழியே நீட்டும்முன்
சுவரில் வைத்துப் படிவத்தைத் திறந்தேன்.
மூன்று நாளாக வெறுமையாய்க் கிடந்த கட்டத்தில்
சைக்கிளுக்கு ஒரு கோடு.
தள்ளிக்கொண்டு நடந்த தூரத்துக்கு
இதரவில் ஒன்று.

"இது யாருக்கா?" என்று கேட்டான்.
அவனுக்கு முன்னால் நின்ற வேன்
ஒரு முழம் நகர்ந்தது. நகர்ந்தான்.

சேவியர் எழுபது ரூபாய் வாடகையும்
பிரேக் கட்டைக்கு நாற்பதும் பிடித்துக்கொண்டார்.
"எங்கேம்மா போன?" என்று மட்டும்
இரண்டு தடவை கேட்டார்.