பின்முகம் நீக்கல்

ஐந்தாம் செமஸ்டர், ஏழாவது லேப்:
யானைமலையை முக்கோணங்களால் மூடு.
என்னிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
தும்பிக்கைக்கே நாற்பது.
சுழற்றினால் சிஸ்டம் திணறுகிறது.
"யானைக்கு மூச்சு வாங்குதுடி" என்கிறாள் ஜெசிந்தா.

கேமராவுக்கு முதுகு காட்டும் முகங்களை
வரையாதே என்கிறது பாடம்.
செங்குத்தை எடு, பார்வையோடு பெருக்கு,
மைனஸ் வந்தால் விட்டுவிடு.

ஒரு வரிதான் சேர்த்தேன்.
மலை பம்பரமாய்ச் சுற்றியது.

விட்டுவிட்ட பாதியில்
எங்கள் வீடு இருக்கிறது.
ஆறரை பஸ், அது வராத நாட்களில்
நான் நடக்கும் கண்மாய்க்கரை.

கோணத்தில் நூற்றெண்பது தட்டினேன்.
தலை போனது. தும்பிக்கை போனது.
எங்கள் பக்கத்திலிருந்து
அது யானையே இல்லை:
நீளமாய் ஒரு பாறை, மேலே வெயில்.

அப்படியே கொடுத்தேன்.
"யானை எங்கம்மா?" என்றார் எழிலரசன் சார்.
இதுவும் அதே மலைதான் சார்.

பத்துக்கு ஏழு.