ஒரு நெடில், எத்தனை குறில்

குத்தாயிசி நகரப் பதிவு அலுவலகம்.
ஜனவரி. காலை ஒன்பது இருபது.
நசிப்ரோலா ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு,
கோட்டுக்கு மேல் சால்வை.
"கதவைத் திறந்ததிலிருந்து இப்படித்தான் கத்துகிறது" என்கிறாள்.
இந்த ஊரின் பிறப்பும் மணமும் சாவும்
அந்த ஒரு பெட்டிக்குள் கிடக்கிறதாம்.

கையுறையைக் கழற்றாமல் பொத்தானை அழுத்துகிறேன்.
விசிறி சுற்றுகிறது; மின்சாரம் வந்து சேர்ந்திருக்கிறது.
முகப்பில் பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது.
அதன் பக்கத்துச் சிவப்புப் புள்ளி,
வட்டு ஓடும்போது இமைக்க வேண்டியது,
கண்ணே திறக்கவில்லை.
திரை கறுப்பு.
பிறகு உள்ளே எங்கோ, மிளகளவு ஒலிபெருக்கியிலிருந்து

ஒரு நெடில்.
பின்னால் சில குறில்.

எத்தனை?
அந்த நேரம் பார்த்தா தெருவில் மினிபஸ்காரன் ஹாரன் அடிப்பான்!

"இரண்டு" என்றாள் நசிப்ரோலா.
"நாலு" என்றாள் திருமணத்துக்கு நாள் கேட்டு வந்த பெண்.
"மூன்றுதான், நீ எதையும் ஒன்று கூட்டித்தான் சொல்வாய்"
என்றான் அவளைக் கட்டப்போகிறவன்.
அவர்களுக்குள் வேறொரு வழக்கு தொடங்கிவிட்டது.

இரண்டு என்றால் திரைக்குப் படம் அனுப்பும் அட்டை.
மூன்று என்றால் நினைவகம்.
நாலு என்றால் இந்தப் பலகையைச் செய்தவனுக்கே வெளிச்சம்.
கம்பெனிக்குக் கம்பெனி இலக்கணம் வேறு;
ஒருவன் வீட்டில் 'நலம்' என்கிற அதே ஒலி
அடுத்தவன் வீட்டில் 'விசைப்பலகையைக் காணோம்'.
கையேடு எந்தக் குளிர்காலத்தில் அடுப்புக்குப் போனதோ.

எல்லோரும் வாயை மூடுங்கள் என்று சொல்லி
மறுபடி அழுத்தினேன்.
நெடில் வந்தது. குறில்கள் வந்தன.
ஹீட்டர் குழாய் நடுவில் டொக்கென்றது.

மூலையில் நின்றவர் அதுவரை பேசவில்லை,
ஈரத் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.
"மூன்று" என்றார்.
"கடைசி இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு.
அதுதான் ஒட்டிக் கேட்கிறது."

ரேடியோ வேலையா என்றேன்.
இல்லை, குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். ஜெமால்.
"பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில்
அவள் கட்டிலோரம் இருந்தேன்.
அங்கேயும் இதே பேச்சுதான்.
பச்சை என்றால் கொஞ்சம் கண்ணயரலாம்.
மஞ்சள் என்றால் நர்ஸிடம் ஓட வேண்டும்.
எண்ணி எண்ணிப் பழகிவிட்டது.
ரயில்வே கேட், பக்கத்து வீட்டு மைக்ரோவேவ்,
எது கத்தினாலும் எண்ணிவிடுகிறேன்."

அவர் கைக்காகிதம் எதற்கானது என்று
அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம்.
நாலு என்று சொன்ன பெண்
ஒன்றும் சொல்லாமல் ஜன்னலிலிருந்து விலகி நின்றாள்.

வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தகட்டைக் கழற்றினேன்.
தூசி, ஒரு செத்த அந்துப்பூச்சி,
ஊக்கு எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை.
நினைவக அட்டை இரண்டில் ஒன்று
இரவெல்லாம் குளிரில் சுருங்கி, பகலெல்லாம் சூட்டில் விரிந்து
மயிரிழை மயிரிழையாக மேலேறி நின்றது.
நசிப்ரோலாவிடம் பென்சில் ரப்பர் வாங்கி
அதன் பொன்பற்களைத் தேய்த்தேன்.
இரு முனையும் 'க்ளிக்' என்னும்வரை
கட்டைவிரலால் அழுத்தினேன்.

ஒரே ஒரு குறில்.

"ஒன்று" என்றார் ஜெமால், யாரும் கேட்காமலே.
இன்னும் வரும் என்று காத்திருப்பவர்போல் தலையைச் சாய்த்தார்.
அவ்வளவுதான், ஒன்று என்றால் எல்லாம் சரி என்றேன்.
"எல்லா இடத்திலுமா?"
இந்தப் பலகையில், என்றேன்.

சிவப்புப் புள்ளி படபடவென்று இமைத்தது.
திரையில் வெளிச்சம்.
நசிப்ரோலா மூக்குக்கண்ணாடியை இறக்கி
இறந்தவர் பெயர் என்றாள், தாழ்ந்த குரலில்.

"லமாரா."

ஒரு குறில், இரண்டு நெடில்.
என் தலைக்குள் அது தானாக எண்ணிக்கொண்டது.
வெட்கமாக இருந்தது.
திருகாணிகளைக் கூட முழுதாக முடுக்காமல் கிளம்பினேன்.

ரியோனிப் பாலத்தில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடியபோது
கோட்டுப் பையில் அகப்பட்டது
நசிப்ரோலாவின் ரப்பர், ஒரு பக்கம் கறுத்து.