ஒன்பதாம் கட்டம்

சத்துவாச்சாரி, ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி.
மின்விசிறி
வெயிலைத்தான் கலக்கிக்கொண்டிருந்தது.

நலிந்த விளையாட்டு வீரர் ஓய்வூதியம்.
நலிந்த என்ற சொல்லில் எனக்கு வருத்தமில்லை,
வலது முட்டி அதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.
ஒன்பதாம் கட்டத்தில்தான் சிக்கல்:
தங்கம் / வெள்ளி / வெண்கலம்
பொருந்தாததை அடிக்கவும்.

மூன்றையும் அடித்தேன்.

‘அப்போ தோத்துட்டீங்களா?’
எழுத்தர் குணபூஷணம்
கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார்.
ஜெயிச்சேன் சார்.
‘ஜெயிச்சா மெடல் எங்கே?’
அந்த வருஷம் டென்னிஸ் காட்சி ஆட்டம்.
‘காட்சின்னா?’
பொருட்காட்சி மாதிரி.
பார்க்கலாம், விலை கேட்கலாம்,
வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அவர் சிரிக்கவில்லை.

பாகாயத்து டாக்டர்களுக்குப்
பந்து பொறுக்கப் போய் ஆடப் பழகியவள் நான்.
காட்பாடியில் ரயிலேறியபோது
அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம்
விமானத்தில் ஏறும்வரை கெடவில்லை.
அங்கே எல்லோருக்கும் கழுத்தில் மஞ்சள் அட்டை,
எங்களுக்கு மட்டும் சாம்பல்.
பால் உண்டு, பழம் உண்டு,
இரண்டாம் முறை கேட்டால்
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

கடைசி ஆட்டத்தில் எதிரே
உருகுவேக்காரி, இனெஸ்.
முதல் செட் அவளுக்கு. அடுத்தது எனக்கு.
மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து.
உட்கார்ந்திருந்த இருநூறு பேரில் பாதிப்பேர்
பக்கத்து நீச்சல்குளத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள்.
அங்கே ஆரவாரம் எழும்போதெல்லாம்
இங்கே தலைகள் திரும்பின.
நாங்கள் திரும்பவில்லை.
கணக்கில் வராத ஆட்டம் என்பது
எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.
விழுந்து எழுந்தாள், முழங்கை கிழிந்திருந்தது.
அந்த ரத்தத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை
இது வெறும் காட்சி என்று.

ஏழு, ஐந்து.
கை குலுக்கினோம்.
அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல்
வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம்.
மேடை வரவில்லை, பாட்டு வரவில்லை.
நீலச் சட்டைக்காரர் ஒருவர் வந்து
‘கொஞ்சம் தள்ளுங்கள்’ என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு
வலையை அவிழ்க்கத் தொடங்கினார்.
இனெஸ் அவள் துண்டை என்னிடம் தந்தாள்,
என்னுடையதை வாங்கிக்கொண்டாள்.
பல வருஷம் அதில்தான் தலை துவட்டினேன்.

குணபூஷணம் பேனாவை மூடினார்.
‘நம்ம ஊரைப் பத்தி ஒரு பேச்சு உண்டு, கேட்டிருப்பீங்க.
கோட்டை இருக்கு ராஜா இல்ல,
ஆறு இருக்கு தண்ணி இல்ல,
கோயில் இருக்கு சாமி இல்ல.
உங்க கதையையும் அதோட சேத்துக்கலாம்.’

சாமிதான் வந்துட்டாரே சார்.
எண்பத்தொண்ணுல
இந்தச் சத்துவாச்சாரியிலேர்ந்துதானே போனாரு.
அதுவரைக்கும் காலிக் கருவறை.
காலியா கிடந்தப்பவும்
கோயில்னுதானே சொன்னீங்க?

பின்னால் வரிசையில் யாரோ தும்மினார்கள்.

‘விதியில இடமில்லைம்மா.’
விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்.
நான் மடித்துப் பையில் வைக்கும்போது,
டீக்காரப் பையனுக்குக்கூடக் கேட்காத குரலில்,
‘கடைசி பாயின்ட் எப்படி?’

கோப்புக்கட்டை நடுவே நகர்த்தினேன். வலை.
முத்திரைக்கட்டை நான்.
கோந்து பாட்டில் இனெஸ்.
குண்டூசிப் பெட்டியின் மூடியைச் சுண்டினேன்.
இங்கிருந்து இப்படி வந்தாள்,
நான் இந்த மூலைக்கு ஓடினேன்,
ஓடிக்கொண்டே, பின்கையால்,
அவளுக்கு எட்டாத இடத்துக்கு.

வரிசை கலைந்து மேசையைச் சுற்றிவிட்டது.
நிலப் பட்டாவுக்கு வந்தவர்,
விதவைச் சான்றுக்கு வந்தவள்,
இடுப்பில் குழந்தையோடு யாரோ ஒருத்தி.
மூடி மேசை ஓரத்தில் ஆடி ஆடி நின்றது.

‘உள்ளேயா, வெளியேயா?’ என்றார் பட்டாக்காரர்.

கோட்டுமேலே, என்றேன்.