நாலு வீடு தள்ளி

பள்ளிக்கூட வாசலில் வண்டிக் கதவைத் திறந்ததும்
சேயோன் முதலில் செய்வது
சட்டைக் கழுத்தை மூக்குவரை இழுப்பது.
அடுத்தது, வெளியே தலை தெரியாமல் இருக்கையில் சரிவது.
"அம்மா, இனிமேல் நாலு வீடு தள்ளி நில்லுங்கோ."

எழுபத்தெட்டாம் ஆண்டு ஹோல்டன்.
திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் வாங்கியது.
பச்சை என்று பதிவுப் பத்திரம் சொல்லும்,
மில்டூரா வெயில் அதை ஒத்துக்கொள்ளாது.
ஓடினாலும் நின்றாலும் புகை வாடை:
என் தலைமுடியில், அவன் புத்தகப் பையில்,
ஒரு நாள் சோற்றுப் பெட்டிக்குள்ளும்.

நெவ்ஸாத் சிரித்தார்.
இந்த வயசு வண்டியிடம் சட்டம் ஒன்றும் கேட்காதே, என்றார்.
சட்டம் கேட்கவில்லை, நெவ்ஸாத்.
பதினொரு வயசு கேட்கிறது.

"அப்படியென்றால் முதலில் கார்புரேட்டர்.
இது இப்படிப் பெட்ரோலைத் தண்ணீராய் ஊற்றிக்கொண்டிருந்தால்
நான் பூட்டுகிற சாமான் ஒரு மாசத்தில் உருகிப் போகும்."
திருகாணியைக் கால் சுற்று உள்ளே.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
அரைக்கால் வெளியே.
புது பிளக் ஆறு.
பிறகுதான் வண்டியை மேலே தூக்கினார்.

அதுவரை பிடித்திரு என்று என் கையில் தந்தார்,
கெட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.
பெயர்தான் நீளம், ஆள் ஒரு இறாத்தல் பாண் அளவு.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
இடியப்ப உரலின் அடியைப் போல் துளை, துளை, துளை,
அதைவிடப் பொடிசு.
சுவரெல்லாம் பிளாட்டினம் பூசியிருக்கிறதாம்,
சுரண்டினாலும் தெரியாத கனத்தில்.
எங்கள் குடும்பத்துக்குள் பிளாட்டினம் நுழைந்தது இன்றைக்குத்தான்,
அதுவும் வண்டிக்கு அடியில்.

கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு முழக் குழாயை
அரிந்து எடுத்தார்.
நான் பிறப்பதற்கு முந்திய கரி
என் செருப்பில் கொட்டியது.
நீலப் பொறி, ஒட்டு, மறுபடி நீலப் பொறி.
இடையில் ஒரு தகடு, என் பாதம் வேகாமல் இருக்க.
தொள்ளாயிரத்து இருபது டொலர்.
கையைத் துடைத்துக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்:
சூடேறும்வரை இது வேலை செய்யாது.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர்.
சூடேற அது காணாது.
ஆகவே இப்போது இருபது நிமிஷம் முந்தியே கிளம்பி
ஆற்றோரமாய்ப் போய்,
பாதாம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து,
பதினைந்தாம் தெருவால் சுற்றி வருகிறேன்,
சுத்தமாக வந்து சேர வேண்டும் என்பதற்காகக்
கூடுதல் பெட்ரோலை எரித்துக்கொண்டு.
கணக்குப் படித்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

மாசி மாதம். நாற்பத்து மூன்று பாகை.
இன்று முழுநாளும் தீ மூட்டத் தடை, என்றது வானொலி.
நாலு வீடு தள்ளி, நான் வழக்கமாய் ஒதுங்கும் இடத்தில்
புல் முழங்கால் உயரம், வைக்கோல் நிறம்.
முன்சில்லு ஏறிய பிறகுதான் உறைத்தது
அடியில் தொங்குவது என்ன சூடு என்று.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இது புகையாமல் நெருப்பு.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று
எத்தனையோ பேரிடம் சும்மா சொல்லியிருக்கிறேன்,
பரீட்சைக்கு, விசாவுக்கு, பிந்தி வந்த பஸ்ஸுக்கு.
இன்றைக்கு எழுத்துக்கு எழுத்து உண்மை.

ரிவர்ஸ்.
சரளைக்கல் தேடி மெல்ல மெல்ல உருட்டினேன்.
முதல் வீடு புல். அடுத்ததும் புல்.
கிடைத்த ஒரே இடம்
பள்ளிக்கூட வாசலுக்கு நேரே.

மணி அடித்தது. வந்தான். கதவைத் திறந்தான்.
கை பழக்கத்தில் கழுத்துவரை போனது,
அங்கேயே நின்றது.
ஒருமுறை மூச்சை இழுத்தான். இன்னொருமுறை.
நான் எதையும் கவனிக்காதவள் போல
கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, தலை தெரியாமல் சரிந்தான்.
"அம்மா."
"ம்."
"இதின்ர நிறத்தை மாத்தேலாதோ?"