எட்டுத் தறி வீட்டுக்காரி

எங்க வீட்டில் எட்டுத் தறி.
ஒரு வாய்த் தண்ணி கேட்கவும் கத்தணும்.

பள்ளிக்கூடச் சிற்றாலயத்தில்
ஜெமிமா மிஸ் உதட்டில் விரல் வைப்பார்:
"சோமனூரு, மெதுவா.
ஆண்டவருக்குக் காது கேக்கும்."
முன்வரிசை குலுங்கும்.
மூணு வருசம்
சங்கீதத்துக்கு உதட்டை மட்டும் அசைத்தேன்.

டிசம்பர் ஆராதனையில் கரண்டு போச்சு.
மைக் செத்துக் கிடக்கிறது,
பிஷப் ஐயா வந்து உட்கார்ந்திருக்கிறார்,
ஹெப்சிபாவின் குரலோ
ரெண்டாவது பெஞ்சைத் தாண்டவில்லை.
மிஸ் திரும்பி
என்னைத்தான் பார்த்தார்.

வாசித்தேன், திருநீற்று நெற்றியோடு.
வெளியே வேம்பிலிருந்த காக்காயெல்லாம்
எழுந்து பறந்தன.

அன்றிரவு சோமனூரிலும் கரண்டு இல்லை.
எட்டும் நின்றுபோன இருட்டில்
அப்பா கேட்டார்:
"என்ன வாசிச்ச, சாமி?"

சொன்னேன்.

"கேக்கலையே கண்ணு.
இன்னுங் கொஞ்சம் சத்தமா."